சீகிரியாவும் ஒருசொல் விடையும்

இலங்கை பற்றிய பொது அறிவு வினாக்களை வாரந்தோறும் தொகுத்தளிக்கும் முயற்சி எதுவாயினும், அது வாரப் பத்திரிகையின் மாணவர் பகுதியாகவோ, வானொலிப் போட்டியாகவோ, பாடசாலை மன்ற நிகழ்ச்சியாகவோ இருக்கலாம், மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவைத் தொடாது அது நெடுநாள் நடைபெறுவதில்லை. சீகிரியாவைக் கட்டுவித்த மன்னன் யார்? அதனைக் கண்டுபிடித்த ஆங்கிலேயர் யார்? அங்குள்ள ஓவியங்களிற் காணப்படும் பெண்கள் யாவர்? உலக மரபுரிமைப் பட்டியலில் அது சேர்க்கப்பட்ட ஆண்டு எது? வினாக்கள் இவை, விடைகளோ காசியப்பன், போர்ப்ஸ், அரம்பையர், 1982. இவற்றுள் இறுதியாக நிற்கும் ஆண்டு ஒன்றே ஐயத்துக்கு இடமற்ற விடை. ஏனைய மூன்றும் வரலாற்று மாணவனுக்கு விடைகளல்ல, வாதங்கள்.

வினாவிடைப் போட்டி என்னும் வடிவம் மிகப் பழையதன்று. அமெரிக்க வானொலியில் அது 1936இல் நிகழ்ச்சியாகியது. கல்கத்தாவில் நீல் ஓபிரையன் முதலாவது பகிரங்கப் போட்டியை 1967இல் நடத்தினார். இந்தியத் தொலைக்காட்சி 1985இல் சித்தார்த்த பாசுவைக் கொண்டு அதனை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. ஆயின் இலங்கையில் பொது அறிவு என்பது பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. அரசாங்க உத்தியோகத்துக்குப் போட்டிப் பரீட்சை வாயிலாக ஆட்சேர்க்கும் குடியேற்ற ஆட்சியின் மரபு சுதந்திரத்தின் பின்னும் தொடர்ந்தது. உத்தியோகமே உய்வுக்கு வழியெனக் கண்ட நடுத்தர வகுப்பினர், தம் பிள்ளைகளைப் பொது அறிவு நூல்களை மனனஞ் செய்வித்தனர். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின்போது வரலாறு தனிப்பாடமாக நில்லாது சமூகக் கல்வியுட் சேர்ந்தது. வகுப்பறையில் வரலாற்றின் இடம் சுருங்கச் சுருங்க, நாட்டின் கடந்தகாலம் பலருக்கு இவ்வினாவிடைகளின் வழியாகவே அறிமுகமாயிற்று எனக் கருதுவது மிகையாகாது. எனவே அவ்வினாக்கள் எதைக் கேட்கின்றன, எதைக் கேளாது விடுகின்றன என்பதை நாம் ஆராய வேண்டியுள்ளது.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். காசியப்பனைப் பற்றி வழங்கும் செய்திகள் பெரும்பாலும் சூளவம்சத்திலிருந்து பெறப்பட்டவை. அநுராதபுரத்தில் ஆட்சிபுரிந்த தாதுசேனன், கலாவெவ என்னும் பெருங்குளத்தைக் கட்டுவித்தவன். அவன் தன் மகளைத் தன் சகோதரியின் மகனாகிய சேனாதிபதிக்கு மணமுடித்துக் கொடுத்தான். கணவன் அவளைக் குற்றமின்றிச் சவுக்கால் அடித்தான். குருதி தோய்ந்த ஆடையைக் கண்ட மன்னன், சினமேலீட்டால், சேனாதிபதியின் தாயை, அதாவது தன் உடன்பிறந்தவளை, எரியிலிட்டுக் கொல்வித்தான். பழிவாங்க எண்ணிய சேனாதிபதி, அரசியல்லாத பெண்ணுக்குப் பிறந்த மைந்தனாகிய காசியப்பனோடு சேர்ந்தான். மன்னன் சிறைப்பட்டான், செல்வம் எங்கே எனக் கேட்டபோது கலாவெவவின் நீரைச் சுட்டி, தன் செல்வம் முழுவதும் அதுவே என்றான், பின்னர் கொல்லப்பட்டான். இந்தியாவுக்குத் தப்பியோடிய முகலனுக்கு அஞ்சியே காசியப்பன் இக்குன்றின்மேல் மாளிகை அமைத்தான் என்கிறது நூல்.

கதை என்ற வகையில் இதற்கு ஒப்பானவை சிலவே. ஆயின் சூளவம்சத்தின் இப்பகுதி இயற்றப்பட்டது 12ஆம் அல்லது 13ஆம் நூற்றாண்டில். நிகழ்ச்சிகளுக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆட்சித் தொடக்கத்தை ஒரு நூல் 473 என்றும் இன்னொன்று 477 என்றும் கூறும். தந்தையைக் கொன்றவன் எனக் காசியப்பனைப் பழிக்கும் அதே நூல், அவன் விகாரைகளுக்கு வழங்கிய கொடைகளையும் பதிவுசெய்கிறது. அவனை வென்ற முகலன் சீகிரியாவைப் பிக்குகளிடம் ஒப்படைத்தான் என்றும், அதனைப் பெற்றவர் மகாநாம தேரர் என்றும் கூறுகிறது. மகாவம்சத்தை இயற்றியவர் அம்மகாநாமரே என்று கருதும் அறிஞர் உளர். வரலாற்றை எழுதிவைத்த துறவிச் சமூகத்துக்கும் வென்ற மன்னனுக்கும் இடையிலிருந்த உறவை நோக்குமிடத்து, தோற்றவனின் உருவம் எவ்வாறு தீட்டப்பட்டிருக்கும் என்பது நாம் எண்ணிப் பார்க்கற்பாலது.

இனி, கட்டப்பட்டது யாது என்பதிலேயே கருத்தொருமை இல்லை. அஞ்சியவனின் அரண் என்பது பழைய விளக்கம். செனரத் பரணவிதான 1950இல், குபேரனின் அளகாபுரியைப் பூமியிற் படைக்க முயன்ற தெய்வ மன்னனின் உறைவிடம் என வாதித்தார். தொல்பொருள் ஆணையாளராக இருந்த ராஜா டி சில்வா 2002இல் வெளியிட்ட நூலில், இது அரண்மனையும் அன்று, கோட்டையும் அன்று, பௌத்த மடாலயமே என்றார். ஓவியப் பெண்களின் நிலையும் இதுவே. பிதுரங்கல விகாரைக்கு மலர் ஏந்திச் செல்லும் அரசமகளிர் என்றார் எச். சி. பி. பெல், அரம்பையர் என்றார் ஆனந்த குமாரசுவாமி, முகிலையும் மின்னலையும் உருவகித்த மகளிர் என்றார் பரணவிதான, தாராதேவியின் உருவங்கள் என்றார் ராஜா டி சில்வா. நான்கு அறிஞர், நான்கு விடை. வாரப் போட்டியில் ஒருவருக்கே புள்ளி கிடைக்கும்.

'கண்டுபிடித்தவர்' என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். மேஜர் யோனதன் போர்ப்ஸ் 1831இல் இக்குன்றைக் குதிரையிற் சென்று கண்டார்; தாம் கண்டதை 1840இல் நூலாக வெளியிட்டார். (ஹைலண்டர் படைப்பிரிவைச் சேர்ந்த அவரை 'ஆங்கிலேயர்' என எழுதும் வினாக்காரர், ஸ்கொத்லாந்து மக்களின் மனக்குறையை அறியார்.) குன்றைச் சூழ்ந்த கிராமங்களில் வாழ்ந்தோர் அதனை எக்காலத்திலும் தொலைத்துவிடவில்லை. தொலையாத பொருளைக் கண்டுபிடித்தவர் என ஒருவரைப் போற்றும் வழக்கம் குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்று. ஆட்சி நீங்கிய பின்னும் அச்சொல் நீங்கவில்லை.

அக்கால நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. பொது வேலைப் பகுதியைச் சேர்ந்த மறே என்பவர் 1889இல் ஓவியங்களைப் பிரதிசெய்ய விரும்பினார். ஓவியக் குகைக்கு ஏற வழியில்லை. பாறையிலே துளையிட்டு, இரும்புக் கோல்களைச் செருகிப் படிப்படியாக மேலே செல்ல வேண்டியிருந்தது. பாறையில் உறையும் பேய்களுக்கு அஞ்சி உள்ளூரார் மறுத்ததனால், அவ்வேலையைத் தமிழ்க் கற்றச்சர்களே செய்தனர். கீழே பாழ்வெளி, மேலே பாறை, கையில் உளி. நவீன காலத்தில் ஓவியத்தருகே முதன்முதலில் மனிதர் சென்றது அவர்கள் அமைத்த வழியில். மறேயின் பெயர் நூல்களில் உண்டு. அக்கற்றச்சரைப் பற்றிய வினா எந்தப் பொது அறிவு நூலிலும் எம் கண்ணிற்படவில்லை.

நாட்டை ஓர் எல்லைக்குள் அடக்கி அறிவைப் பங்கிடும் முறைக்கு வேறொரு விளைவும் உண்டு. 'தாதுசேனன் யாரை வென்று அரசேறினான்?' என்ற வினாவுக்கு எதிர்பார்க்கப்படும் விடை 'தமிழரை' என்பது. சூளவம்சம் பாண்டு முதலிய ஆறு தமிழ் மன்னரைக் குறிப்பிடுவது மெய்யே. ஆயின் அவர்களுட் சிலர் பௌத்த விகாரைகளுக்குக் கொடை வழங்கியதைச் சிங்கள மொழிக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பகைவர் என்ற ஒரு சொல்லுள் அக்கொடைகள் அடங்கா. அவ்வாறே, முகலன் இந்தியாவிலிருந்து பன்னிரு நண்பருடன் வந்தான் என்பதே சூளவம்சக் கூற்று. பிற்காலத்தார் சொல்லும்போது அது அந்நியப் படையெடுப்பாக வீங்கிவிடுகிறது. சீகிரியா ஓவியத்தை அஜந்தாவோடு ஒப்பிடாது பேசுதல் அரிது. கடலின் இருகரையிலும் ஒரே காலத்து அழகுணர்ச்சி உலவியிருக்கிறது. ஒரு நாட்டுக்கென வரையறுத்த வினாக்கொத்தில் இவ்வுறவுக்கு எண்கொடுக்க இடமில்லை.

மன்னரை விட்டு மண்ணுக்கு வருவோமாயின் விடயம் மேலும் விரிகிறது. குன்றின் கிழக்கே அலிகல குகையில் மனிதர் ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்தனர். மழைநீர் உள்ளே வழியாதவாறு குகைகளின் நெற்றியில் வெட்டப்பட்ட காடிகளின் கீழே, கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதலாகத் துறவிகளுக்குக் குகைகளை வழங்கியோரின் பெயர்கள் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. அயலிலுள்ள தெஹிகஹ-அல-கந்தவில் 1990ஆம் ஆண்டையொட்டி நடந்த அகழ்வு, காசியப்பன் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அங்கு பெருமளவில் இரும்பு உருக்கப்பட்டதை வெளிப்படுத்தியது. உலைக்களத்தில் வெந்த தொழிலாளர், வாய்க்கால் வெட்டியோர், சுவரெழுப்பச் செங்கல் சுட்டோர் ஆகியோரின்றி ஒரு மன்னன் பதினெட்டு ஆண்டுகளில் இவ்வளவையும் செய்தான் என்பது, விடையாக எழுதும்போது சுருக்கமாகத்தான் இருக்கிறது. பூங்காவின் நீரூற்றுகள் மாரிகாலத்தில் இன்றும் பாய்கின்றன. நிலத்தின் சரிவையும் நீரின் அழுத்தத்தையும் அறிந்து அவற்றை அமைத்தோர் சூளவம்சத்தில் இல்லை.

இவ்வகையிற் சீகிரியாவுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கண்ணாடிச் சுவர் எனப்படும் மெருகிட்ட சுவரில், பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையே வந்துபோனோர் பாடல்களைக் கீறிவைத்தனர். அவற்றுள் 685 பாடல்களைப் படித்துப் பரணவிதான 1956இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். சிங்களக் கவிதை வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள் அதனால் திருத்தி எழுதப்பட்டன. எழுதியோருள் பிக்குகள் உளர், உத்தியோகத்தர் உளர், பெண்கள் உளர். பலர் தம் பெயரையும் ஊரையும் சேர்த்தெழுதினர். ஓவியப் பெண்கள் தம்மோடு பேசாதிருப்பதைக் குறைகூறுகின்றனர் சிலர். ஆடவர் இவ்வாறு மயங்குவதைப் பெண்ணொருத்தி எள்ளுகிறாள். மன்னனைக் கேட்கும் வினாவுக்குப் பக்கத்திலேயே, பெயரும் ஊரும் தந்து நிற்கும் இம்மக்களைக் கேட்கும் வினாவை அமைப்பதற்கு வேண்டிய சான்றெல்லாம் 1956 முதல் அச்சிலே கிடைக்கின்றது.