சுவரைத் தின்ற சன்னல்கள்

இங்கிலாந்தின் டார்பிஷரில் ஒரு மேட்டின் விளிம்பில் நிற்கிறது ஹார்ட்விக் ஹால். மாலை வெயில் மேற்கு முகப்பில் விழும்போது கல் மங்கிவிடும், கண்ணாடி மட்டும் தகதகக்கும். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கல்லில் வெட்டிய 'ஈ எஸ்' என்ற எழுத்துகள், மேலே ஒரு சிறு கிரீடம். எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்பதன் முதலெழுத்துகள் அவை. ஊரும் வரலாறும் அவரைப் 'பெஸ் ஆஃப் ஹார்ட்விக்' என்றே அழைக்கின்றன.

சாதாரண நிலக்கிழாரின் மகளாகப் பிறந்த பெஸ், நான்கு முறை மணந்து நான்கு முறையும் கணவரை இழந்தவர். நான்காமவரான ஷ்ரூஸ்பரி பிரபு 1590-இல் மறைந்தார். அந்த ஆண்டே புது மாளிகையின் வேலை தொடங்கியது. இத்தனைக்கும் பக்கத்திலேயே அவர் எழுப்பிக்கொண்டிருந்த பழைய மாளிகை இன்னும் முடிந்தபாடில்லை. 1597-இல் புது வீட்டில் பெஸ் குடியேறியபோது வயது ஏறக்குறைய எழுபது.

வரைபடம் ராபர்ட் ஸ்மித்சனுடையது என்பது அறிஞர்களின் கருத்து. கொத்தனாராகத் தொடங்கி லாங்லீட், வாலட்டன் மாளிகைகளில் பெயர் எடுத்தவர் அவர்.

அன்று கண்ணாடி கொள்ளை விலை. சிறு சிறு துண்டுகளை ஈயப் பட்டையால் கோத்துத்தான் ஒரு சன்னலையே நிரப்ப முடியும். பெஸ்ஸிடம் சொந்தக் கண்ணாடிப் பட்டறையும் ஈயச் சுரங்கமும் கல் குவாரியும் இருந்தன. சுவரை விடக் கண்ணாடி அதிகம் என்று ஊரார் எதுகை மோனையோடு பாடும் அளவுக்குச் சன்னல்கள் பெருகின.

இவ்வளவு சன்னல் வைத்தால் சுவர் எதைத் தாங்கும்? வீட்டின் நடுவே நீளவாக்கில் ஓடும் தடித்த உட்சுவர் பாரத்தில் பெரும்பங்கை ஏற்றது. குளிர்காயும் அடுப்புகளின் புகைபோக்கிகளும் பெரும்பாலும் உள்ளே ஒதுங்கின. வெளிச்சுவருக்கு வேலை குறைந்ததால் சன்னலுக்கு இடம் கிடைத்தது. ஆனால் முகப்பின் ஒழுங்கு குலையக்கூடாதே! அதற்காகச் சில இடங்களில் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் சுவரே இருக்கும்.

மாடி ஏற ஏற அறைகளின் உயரமும் கூடும். தரைத்தளத்தில் பணியாளர்கள், முதல் மாடியில் குடும்பம், உச்சியில் அரச விருந்தினருக்கான கூடங்கள். அங்கே இருப்பதுதான் சுமார் 50 மீட்டர் நீளமுள்ள 'லாங் கேலரி'. மழை நாளில் வெளியே போகாமல் உலாவ அதுவே போதும்.

அந்தக் கேலரியின் சுவரில் பைபிளில் வரும் கிதியோனின் கதையைச் சொல்லும் 13 திரைச்சீலைகள் தொங்குகின்றன. எலிசபெத் அரசியின் அமைச்சரான சர் கிறிஸ்டோபர் ஹட்டனுக்காக நெய்யப்பட்டவற்றை, அவர் இறந்தபின் 1592-இல் பெஸ் வாங்கினார். விலை 326 பவுண்டு. ஹட்டனின் குலச்சின்னத்தை மறைக்கும் செலவுக்கென்று 5 பவுண்டு தள்ளுபடியும் கேட்டு வாங்கினார். ஹட்டன் சின்னத்தின் பெண்மான்களுக்குக் கொம்பு முளைத்தது. பெஸ்ஸின் பிள்ளைகளான கேவெண்டிஷ் குடும்பத்தாரின் ஆண்மான்களாக அவை மாறிவிட்டன.

1608-இல் பெஸ் காலமானார். வாரிசுகள் சாட்ஸ்வொர்த் மாளிகையையே தலைமை இல்லமாக்கிக்கொண்டதால், ஹார்ட்விக்கை இடித்துப் புதுப்பிக்க யாருக்கும் தோன்றவில்லை. காலத்துக்கேற்ற மாற்றங்கள் வராததால்தான் எலிசபெத் அரசி காலத்து வீடு அப்படியே தப்பியது. 1950-இல் அந்த வாரிசுகளின் வழிவந்த பத்தாம் டெவன்ஷர் பிரபு இறந்ததும் வந்த மரண வரிக்கு ஈடாக வீடு அரசின் கைக்குப் போனது. 1959-இல் பழம்பெரும் கட்டடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பொறுப்பேற்றது.

திரைச்சீலைகளைச் சுத்தம் செய்து தைத்துச் சீராக்கும் பணி 24 ஆண்டுகள் நடந்து 2023-இல் முடிந்தது. அவற்றின் சாயம் வெளுத்துவிடக்கூடாது என்பதற்காக, பெஸ் காசைக் கொட்டி வைத்த பெருஞ்சன்னல்கள் பலவற்றில் இன்று திரையை இறக்கி விட்டிருக்கிறார்கள்.