ஒலிக்காலத் தொடக்கக் கேலிச்சித்திரப் படங்களில் அடிதடி நகைச்சுவை

அடிதடி நகைச்சுவை என்பது விழுதல், மோதுதல், அடிபடுதல் போன்ற மிகைப்படுத்தப்பட்ட உடல் அசைவுகளால் சிரிப்பை உண்டாக்கும் நகைச்சுவை வகை ஆகும். திரைப்படத்தில் ஒலி இணைக்கப்பட்ட 1920களின் இறுதியிலும் 1930களிலும் வெளியான அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களில் இது முதன்மைக் கூறாக விளங்கியது. அடி விழும் காட்சியும் அதன் ஓசையும் ஒரே கணத்தில் நிகழுமாறு அமைத்ததே இப்படங்களின் சிறப்பியல்பு ஆகும்.

பின்னணி

இவ்வகையின் ஆங்கிலப் பெயரான 'ஸ்லாப்ஸ்டிக்' ஒரு மேடைக் கருவியைக் குறிக்கும். இத்தாலிய நாடகங்களில் பயன்பட்ட இக்கோல் இரு மெல்லிய மரப்பட்டைகளை இணைத்துச் செய்யப்பட்டது. மெதுவாக அடித்தாலும் பட்டைகள் மோதிப் பேரோசை எழுப்பும், அடிபட்டவருக்கு வலிக்காது. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் நடைபெறும் தெருக்கூத்திலும் கட்டியங்காரனின் கோமாளித்தனத்துக்கு மத்தள ஒலி துணைநிற்கிறது.

ஊமைப்படக் காலத்தில் இசைக்கலைஞர்கள் திரையரங்கிலேயே வாசித்தனர். படம் ஓடும் வேகமும் அரங்குக்கு அரங்கு மாறியது. எனவே அசைவும் ஓசையும் துல்லியமாகப் பொருந்துவது அரிதாக இருந்தது.

ஒலி இணைப்பு முறை

ஒலிப்படத்தின் வேகம் நொடிக்கு 24 படச்சட்டங்கள் என நிலைப்படுத்தப்பட்டது. இதனால் தாளத்தைப் படச்சட்டங்களின் எண்ணிக்கையாகக் கணக்கிட முடிந்தது. எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 120 தாள அடிகள் கொண்ட இசையில் ஓர் அடிக்கு 12 படச்சட்டங்கள் அமையும். தலையில் சட்டி விழும் காட்சியை அந்தப் பன்னிரண்டின் மடங்கில் வரைந்தால், அது தாளத்துடன் சரியாகப் பொருந்தும்.

1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் வெளியான 'ஸ்டீம்போட் வில்லி' படத்துக்காக வால்ட் டிஸ்னியின் உதவியாளர் வில்பிரட் ஜாக்சன், சீரான தாள ஒலி எழுப்பும் கருவியைக் கொண்டு இவ்வாறு கணக்கிட்டார். இப்படத்தில் மிக்கி மவுஸ் பூனையின் வாலைப் பிடித்துச் சுழற்றியும் பசுவின் பற்களைத் தட்டியும் இசை எழுப்புகிறது. 1929 இல் வெளியான 'எலும்புக்கூடு நடனம்' படத்துக்குக் கார்ல் ஸ்டாலிங் இசையமைத்தார்.

பிளைஷர் சகோதரர்கள் இதற்கு மாறாக, பெரும்பாலும் படம் வரையப்பட்ட பின்னரே குரல் பதிவு செய்தனர். 1933 இல் திரைக்கு வந்த பாப்பாய் பாத்திரத்தின் முணுமுணுப்புகள் பின்னாளில் இம்முறையில் சேர்க்கப்பட்டவையே.

விமர்சனம்

நசுங்கிய பாத்திரம் அடுத்த நொடியே பழைய உருவம் பெறுவதாலும் ஓசை வேடிக்கையாக ஒலிப்பதாலும் பார்வையாளருக்கு அடியின் வலி தெரிவதில்லை. எனினும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது கேள்விக்கு உள்ளானது. கறுப்பின மக்களை இழிவாகச் சித்தரித்தமைக்காக, 1931 முதல் 1944 வரை வெளியான 11 வார்னர் கேலிச்சித்திரப் படங்கள் 1968 இல் தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டன.

இந்தியாவில்

கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் 1934 இல் 'தி பீ பிரதர்ஸ்' என்ற கேலிச்சித்திரப் படத்தை வெளியிட்டது. தமிழில் ஜெமினி ஸ்டூடியோ 1947 இல் 'சினிமா கதம்பம்' என்ற குறும்படத்தைத் தயாரித்தது.

இன்றைய நிலை

'ஸ்டீம்போட் வில்லி' 2024 சனவரி 1 முதல் அமெரிக்காவில் பொது உரிமைப் பரப்பில் உள்ளது.