பினாங்கு வீதியும் சைக்கிள்காரனும்

இன்று மோட்டார் வாகனங்களின் ஏகபோக உடைமைபோலத் தோற்றமளிக்கும் சாலை எச்சரிக்கைப் பலகை, தன் பிறப்பில் சைக்கிள்காரனுக்கென்றே எழுந்தது என்பதைப் பலரும் அறியார். 1870-களின் இறுதியில் இங்கிலாந்தில், முன்சக்கரம் ஆளின் மார்பளவு உயர்ந்தும் பின்சக்கரம் சிறுத்தும் இருந்த பழைய வண்டிகளில் ஏறி மலைச்சாலைகளில் இறங்கிய வாலிபர்கள், பிரேக் பிடித்த கணத்திலேயே கைப்பிடிக்கு மேலாகத் தூக்கியெறியப்பட்டு, கை கால் ஒடிந்தும் சில சமயம் உயிர் துறந்தும் போகவே, அவர்களுடைய சங்கங்களே கைப்பணத்தைச் செலவிட்டு, இவ்விறக்கம் சைக்கிளுக்கு அபாயமானது என்று அறிவிக்கும் பலகைகளைச் சரிவுகளின் உச்சியில் நாட்டின. சர்க்காருக்கு அந்த யோசனை பிந்தித்தான் வந்தது. 1894-இல் மிலான் நகரத்துச் சைக்கிள் பிரியர்கள் கூடி அமைத்த சுற்றுலாச் சங்கம் அடுத்த ஆண்டே இத்தாலியச் சாலைகளில் இவ்வகைப் பலகைகளை நடத் தொடங்கியது. 1903-ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்தைத் தொடர்ந்து பிரிட்டனில் சிவப்பு வட்டத்தகடும் சிவப்பு முக்கோணமும் அரசாங்க அங்கீகாரம் பெற்றன. 1909-இல் பாரிஸில் கூடிய தேசங்கள் மேடுபள்ளம், வளைவு, நாற்சந்தி, ரயில் கடவை ஆகிய நான்கு அபாயங்களுக்கு எழுத்தின் உதவி வேண்டாத சித்திரங்களை ஒப்புக்கொண்டன.

எழுத்தின் உதவி வேண்டாத என்பதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பினாங்கின் ஜார்ஜ் டவுனைப்போல அந்தச் சௌகரியம் அத்தியாவசியமாக இருந்த ஊர்கள் பூமியில் அதிகம் இரா. 1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கி, லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என நான்கு தெருக்களால் ஒரு சதுரத்தை வரைந்த காலந்தொட்டு, அச்சதுரத்துக்குள் வந்து குடியேறிய ஜனங்கள் ஒரே எழுத்தைப் படித்தவர்களல்லர். சீன எழுத்தைப் படிப்பவன், மலாயை எழுதும் அரபு வரிவடிவமான ஜாவியை அறியான். ஜாவி அறிந்த மலாய்க்காரனுக்குத் தமிழ் தெரியாது. நாகப்பட்டினத்திலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்களிலோ தமிழையே எழுத்துக்கூட்டிப் படித்தவர் சிலர்தாம். தெருப்பலகையின் ஆங்கிலத்தைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர்கள் வெள்ளைக்காரரும் அவர்களிடம் வேலை பார்த்த குமாஸ்தாக்களுமே. அத்தெருக்களில் பலவற்றை மண் கொட்டிக் கல் பரப்பி உண்டாக்கியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள் என்பதையும், பிற்காலத்தில் அவற்றைச் செப்பனிட்டவர்களில் தமிழ்க் கூலிகள் ஏராளம் என்பதையும் எண்ணிப்பார்த்தால், சாலையைப் போட்டவனுக்கே சாலையின் பெயரைப் படிக்க முடியாத விசித்திரம் புலனாகும்.

ஆதலால் ஜனங்கள் தங்களுக்குத் தோன்றிய அடையாளங்களைக் கொண்டே ஊரைப் பாகுபடுத்திக்கொண்டார்கள். மார்க்கெட் தெரு தமிழனுக்குக் கடைத்தெரு. பினாங்கு தெருவைச் சொல்ல வேண்டுமானால் செட்டிமார் கிட்டங்கியைச் சொன்னால் போதும். 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில் குயின் தெருவுக்கு எந்தப் பலகையைக் காட்டிலும் நம்பகமான அடையாளம். பட்டணத்துக்கு வெளியே போனால் மைல்கல்தான் விலாசம்: நாலாங்கட்டை, ஆறாங்கட்டை என்று கட்டைக் கணக்கில் ஊர் சொல்லும் வழக்கம் மலாயாத் தமிழரிடம் மைல் போய்க் கிலோமீட்டர் வந்த பிறகும் நிலைத்துவிட்டது. பினாங்கு ரோடும் மெகலிஸ்டர் ரோடும் பர்மா ரோடும் இன்னும் சில சாலைகளும் வந்து கூடிய மெகசின் சர்க்கிள் என்ற பெரிய சந்திப்பை ஹொக்கியன் சீனர்கள் ‘கோ பா தெங்’, அதாவது ஐந்து விளக்கு, என்றே அழைத்தார்கள். அங்கே நின்ற ஐந்து விளக்குக் கம்பம்தான் அவர்களுக்குப் பெயர்ப்பலகை.

இவ்வாறு அடையாளங்களால் ஆன ஊருக்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சைக்கிள் நுழைந்தது. முதலில் துரைமாருக்கும் பணக்காரச் சீனர்களுக்கும் வேடிக்கைப் பொருளாக இருந்த அது, இருபதாம் நூற்றாண்டு வளர வளரத் தொழிலாளியின் கருவியாயிற்று. பால்காரர் பித்தளைப் பாத்திரங்களை இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டார். ரொட்டிக்காரர் பின்புறப் பெட்டியில் ரொட்டியை அடுக்கிக்கொண்டு ஹாரனை அமுக்கியபடி வந்தார். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் டோபி காட் என்னும் துறையில் வெளுத்த துணிகளை மூட்டையாகக் கட்டி வீடு வீடாகச் சேர்த்தவர்களுக்கும் சைக்கிளே துணை. அக்காலத்தில் நகரசபையின் அநுமதித் தகடு வண்டியில் இருந்தாக வேண்டும். இருட்டினால் விளக்கு எரிய வேண்டும். மணி ஒலிக்க வேண்டும். பின்னால் ஆளை ஏற்றிச் செல்லக் கூடாது. அபராதம் கட்டிய பின் இவ்விதிகளைக் கற்றவர்களே அதிகம் என்பது என் அநுமானம்.

மோட்டார் பெருகிய பின், சந்திப்பிலே நின்ற போலீஸ்காரர்தான் எல்லா ஜாதியாரும் பாடம் கேட்ட பலகை. சிங்கப்பூரிலும் மலாயாவின் பெரிய நகரங்களிலும் அக்காலத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரரின் முதுகில், பிரம்பினால் முடைந்த நீண்ட இறக்கை ஒன்றைக் குறுக்காகக் கட்டிவிட்டிருந்தார்கள். வெயிலில் மணிக்கணக்காகக் கையை நீட்டி நிற்க எவராலும் முடியாதல்லவா? கைகளுக்குப் பதில் இறக்கைகள் நீண்டிருக்க, அவர் செய்ய வேண்டியதெல்லாம் நின்ற இடத்திலேயே கால் மாற்றித் திரும்புவதுதான். அவருடைய மார்போ முதுகோ நமக்கு நேராக இருந்து இறக்கை வழியை மறித்தாற்போல் அகன்று தெரிந்தால் நிற்க வேண்டும். அவர் பக்கவாட்டில் திரும்பி, இறக்கை ஒரு கோடாகக் குறுகித் தெரிந்தால் போகலாம். இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலமும் வேண்டாம், மலாயும் வேண்டாம். பிற்காலத்துச் சிவப்புப் பச்சை விளக்குகளைக் காட்டிலும் இந்தப் பிரம்பு இறக்கை ஒரு விதத்தில் மேலானது என்று நான் நினைப்பதுண்டு. ஏனெனில் பால் பாத்திரத்தோடு தடுமாறும் சைக்கிள்காரனைக் கண்டால், விளக்கு இரங்காது. மனிதர் ஒரு கணம் பொறுத்துத் திரும்புவார்.

எந்தப் பலகையும் கற்பிக்காத பாடம் ஒன்றும் இருந்தது. 1906 முதல் 1936 வரை அவ்வூரில் மின்சார டிராம் ஓடியது. படகுத்துறையிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை தண்டவாளம் தெருவோடு தெருவாகப் பதிந்து கிடந்தது. அதன் பள்ளம் சைக்கிள் டயரை விழுங்குவதற்கென்றே அளவெடுத்தது போன்றது. தண்டவாளத்தை ஒட்டியே வண்டியைச் செலுத்திச் சாய்வாகக் கடக்க முயன்றால் முன்சக்கரம் அதில் இறங்கிவிடும். இறங்கிய சக்கரம் திரும்பாது. ஏறியிருந்தவன் தெருவில் கிடப்பான். மழை பெய்து இரும்பு வழுக்கினால் ஆபத்து இரட்டிப்பு. ஆகவே தண்டவாளத்துக்குச் சில முழம் முன்னரே வண்டியை ஒதுக்கி, கைப்பிடியைத் திருப்பி, நேர்குறுக்காகக் கடக்கும் வித்தையைத் தகப்பன் மகனுக்கும் முதலாளி கடைப்பையனுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். 1925-இல் வந்து 1961 வரை ஓடிய டிராலி பஸ்ஸுக்குத் தண்டவாளம் கிடையாது. ஆனால் சத்தமும் கிடையாது. மேலே செல்லும் கம்பியின் அசைவைக் கண்டு, பின்னால் வருவதை அறிய வேண்டியிருந்தது. பினாங்கு ரோட்டில் சௌராஸ்தா மார்க்கெட்டை அடுத்து அந்தப் பழைய தண்டவாளத்தின் ஒரு துண்டை இன்றும் காணலாம்.

1941 டிசம்பரில் சைக்கிள் வேறொரு வேஷத்தில் வந்தது. ஜப்பானியச் சேனை மலாயாவுக்குள் ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் இறங்கி வந்ததும், டயர் வெடித்த பின் வெறும் இரும்பு வளையத்தோடே ஓட்டிய அச்சத்தம் இருளில் டாங்கிப் படை வருவதுபோல் கேட்டதும் யாவரும் அறிந்த கதை. வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு அதிகாரிகள் தீவைக் கைவிட்டுப் போன பின், கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த யூனியன் ஜாக்கை இறக்கி வெள்ளைக்கொடியை ஏற்றியவர் ‘ஸ்டிரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியரும் இலங்கைத் தமிழருமான மாணிக்கசோதி சரவணமுத்து. ஜப்பானியர் நடத்திய குண்டுவீச்சை நிறுத்தும்படி வானொலியில் அறிவித்தவரும் அவரே. 19-ஆம் தேதி ஜப்பானியர் நுழைந்தார்கள். கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டன. பெட்ரோல் அருகிப்போன ஜப்பானிய ஆட்சியின் மூன்றரை வருஷங்களில் தெரு மீண்டும் பெரும்பாலும் சைக்கிளுக்கும், பயணியை முன்னே உட்காரவைத்துப் பின்னாலிருந்து மிதிக்கும் பினாங்கு பேச்சாவுக்கும் உரியதாயிற்று.

சுதந்திரத்தின் வாசலில், 1957 ஜனவரி 1-ஆம் தேதி, ஜார்ஜ் டவுன் மாநகர அந்தஸ்தைப் பெற்றது. அதன் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன் என்ற தமிழர். பழைய ஸ்காட் ரோடு பிற்பாடு அவர் பெயரைத் தாங்கியது. 1959-இல் மலாயா முழுமைக்கும் சாலைப் போக்குவரத்து விதிகள் வகுக்கப்பட்டன. 1967-இல் தேசிய மொழிச் சட்டம் வந்த பின் பலகைகளின் பாஷை மாறியது. ஸ்டிரீட் என்றது லெபோ ஆயிற்று, ரோடு ஜாலான் ஆயிற்று, லேன் லோரோங் ஆயிற்று. பிட் தெரு, ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் ஆயிற்று. நில் என்ற கட்டளையை எண்கோணச் சிவப்பில் ‘பெர்ஹெந்தி’ என்றும், வழிவிடு என்பதைத் தலைகீழ் முக்கோணத்தில் ‘பெரி லாலுவான்’ என்றும் எழுதினார்கள். எச்சரிக்கைகளுக்குப் பிரிட்டனின் சிவப்பு முக்கோணத்தை விட்டு, அமெரிக்க வழக்கத்தை ஒட்டிய மஞ்சள் வைரவடிவத்தை ஏற்றார்கள். எழுத்து அறியாதவனுக்கும் இவற்றில் நஷ்டமில்லை. எண்கோணமும் தலைகீழ் முக்கோணமும் வேறெந்தப் பலகைக்கும் இல்லாத உருவங்களாகையால், பின்புறத்திலிருந்து பார்த்தாலும் இன்னதென்று தெரியும். எதிர்ச்சாலையில் வருபவனுக்குக் கட்டளை நில் என்பதா என்பதை, சந்திப்பை நெருங்கும் சைக்கிள்காரன் தன் பக்கமிருந்தே அறிந்துகொள்ளலாம். பாரிஸில் கூடியவர்கள் 1909-இல் எதை நாடினார்களோ அது இங்கே நிறைவேறியது.

ஆனால் ஒருவழித் தெரு என்ற ஏற்பாடு சைக்கிள்காரனைத்தான் அதிகமாகச் சோதித்தது. காருக்கு ஒரு சுற்று என்பது இரண்டு நிமிஷம். பாரமேற்றி மிதிப்பவனுக்கு அது வியர்வை. ஆகவே ‘ஜாலான் செஹாலா’ என்ற அம்புக்குறியைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவன்போல எதிர்த்திசையில் போகும் வழக்கம் பேச்சாக்காரர்களிடமும் சைக்கிள்காரர்களிடமும் ஊறிப்போயிற்று. சட்டப்படி அது குற்றம். போதாக்குறைக்கு, அவர்கள் ஒதுங்குவதற்கு இருந்த அஞ்சடி என்னும் கடைமுன் நடைபாதையைக் கடைச்சாமான்களும், சாலையோரத்தை லோங்காங் என்னும் திறந்த சாக்கடையும் பிடித்துக்கொண்டன. ஐந்து விளக்குச் சந்திப்போ, 1974 முதல் எழுந்த கொம்தார் கட்டடத்தின் அடியில் உருத்தெரியாமல் மாறிவிட்டது.

2008 ஜூலையில் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த சில மாதங்களில், மலாய்ப் பெயருடன் ஆங்கிலம், சீனம், தமிழ் முதலிய எழுத்துகளையும் தாங்கிய தெருப்பலகைகள் அங்கே தலைகாட்டின. அவற்றைப் பற்றி வாதப்பிரதிவாதங்களும் நடந்தன. 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் ஆர்மேனியன் தெருச் சுவரில் இரண்டு குழந்தைகளைத் தீட்டி, அவர்களுக்கு நிஜமான பழைய சைக்கிள் ஒன்றைச் சுவரோடு பொருத்திவைத்தார். அதைப் படம் பிடிக்க வரிசையில் நிற்கும் கூட்டம் அந்தத் தெருவில் உண்மையான சைக்கிள் போக இடம்விடுவதில்லை. வாடகைச் சைக்கிள்களும், சில சாலைகளில் சைக்கிள் சித்திரம் தீட்டிய ஓரப்பாதைகளும் பிறகு வந்தன. அப்பாதைகளின் மேலே கார் நின்றால் என்ன செய்வது என்பதை எந்தச் சித்திரமும் சொல்வதில்லை.

தீவை விட்டு அக்கரைக்குப் போக நினைப்பவனுக்கு மட்டும் ஐயமே கிடையாது. 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் மோட்டார் சைக்கிள் போகலாம், மிதிக்கும் சைக்கிள் போகக் கூடாது. அதனால் அவன் படகுத்துறையான வெல்ட் குவேக்குத் திரும்புகிறான். 2020-ஆம் ஆண்டின் முடிவோடு கார்களைச் சுமந்த பழைய இரட்டைத்தட்டுப் பெர்ரிகள் ஓய்வு பெற்றுவிட்டபோதிலும், 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள் மனிதர்களோடு மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்கின்றன. காருக்கு அவற்றில் இடமில்லை.