மைக் வருவதற்கு முன்னால்

இன்று ஒரு சிறிய அறையில் ஜாஸ் குழுவைப் பதிவு செய்வதென்றால், வாத்தியத்துக்கு ஒரு மைக் வைத்து, சத்தத்தைப் பிறகு கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நூறாண்டுகளுக்கு முன் அந்த வசதி கிடையாது. தடுப்புச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கூம்புதான் எல்லாம். அதற்குள் புகுந்த ஒலி மறுமுனையில் ஊசியை அசைக்கும்; ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். கூம்பை நகர்த்த முடியாது என்பதால் ஆட்களை நகர்த்தினார்கள். சத்தம் குறைந்தவர் முன்னால், கூடியவர் பின்னால்.

1923 ஏப்ரலில் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் சிகாகோவிலிருந்து இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகருக்கு வந்தது. அங்கே ஸ்டார் பியானோ தொழிற்சாலை வளாகத்தில் ஜென்னெட் கம்பெனியின் பதிவறை இருந்தது. பக்கத்திலேயே தண்டவாளம். ரயில் போனால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

குழுவில் இரண்டு கார்னெட். ஒன்று ஆலிவர், மற்றது 21 வயது லூயி ஆர்ம்ஸ்ட்ராங். சேர்ந்து ஊதியபோது குருவின் நாதம் சீடனுடையதில் அமுங்கிப்போயிற்று. ஆகவே லூயியை மட்டும் பத்துப் பதினைந்து அடி தள்ளி நிறுத்தினார்கள். அவர் முகம் வாடிப்போனதைப் பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டியிருக்கிறதென்றால் இவர்தான் பெரிய வித்வான் என்று அந்த அம்மாள் கணக்குப் போட்டார். மறு ஆண்டே அவரை மணந்துகொண்டார்.

பேபி டாட்ஸின் பெரிய டிரம்முக்கும் இடமில்லை. அதை அடித்தால் ஊசி துள்ளித் தட்டு கெட்டுவிடும். அதனால் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் போட்டார். டபுள் பாஸ் வாசிக்கும் பில் ஜான்சன் அங்கே பாஞ்சோ மீட்டினார்.

1925-இல் மைக்ரோபோன் வழியாக மின்சாரப் பதிவு வந்தபின் இந்தச் சிரமங்கள் மெல்லக் குறைந்தன. ஆனால் 1923-ஆம் ஆண்டுத் தட்டுகள் அப்படியே நிலைத்துவிட்டன. அவற்றை மட்டும் கேட்பவர், அந்தக் கால ஜாஸில் டிரம்ஸ் பெயருக்குத்தான் இருந்தது என்று நினைக்கக்கூடும். சிகாகோ நடன அரங்கில் ஆடியவர்கள் கேட்டது வேறு. கோப்பில் ஏறாததும் நடந்ததுதான் என்பது, என்னைப்போல் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் புதிய செய்தி இல்லை.

அந்தப் பதிவுகளில் ‘சைம்ஸ் புளூஸ்’ என்று ஒன்று உண்டு. தட்டில் ஏறிய லூயியின் முதல் தனி வாசிப்பு அதில்தான் இருக்கிறது. கிடைத்தால் கேட்டுப் பாருங்கள்.