'ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி'யும் ஒரு தந்தி ரசீதும்

எங்கள் காலத்து குமாஸ்தாக்களுக்கு இங்கிலீஷ் கடிதம் என்றால் 'இன் த ஃபர்ஸ்ட் பிளேஸ்' என்று ஆரம்பித்தால்தான் கை ஓடும். அப்புறம் 'மோர் ஓவர்', 'இன் அடிஷன் டு திஸ்', 'பி தட் ஆஸ் இட் மே', முடிவில் 'லாஸ்ட் பட் நாட் த லீஸ்ட்'. நடுவே விஷயம் இருக்கிறதோ இல்லையோ, கடிதம் விறைப்பாக நிற்கும். எல்லாம் பள்ளிக்கூடத்தில் 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கணப் புத்தகத்தோடு வந்த பழக்கம். அந்த ரென், பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். 1924-இல் 'பியூ ஜெஸ்ட்' என்ற நாவல் எழுதிப் பெயர் வாங்கியவரும் அவரேதான்.

1956-இல் நம் மாநிலத்தில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அலுவலகத் தமிழை உருவாக்க நகராட்சி ஆணையராக இருந்த கீ. இராமலிங்கனார் போன்றவர்கள் பாடுபட்டார்கள். ஆனால் இங்கிலீஷிலேயே யோசித்துப் பழகிய கைகள், பழைய சரக்கைத் தமிழ்த் தாளில் இறக்கின. 'முதற்கண்', 'மேலும்', 'இது ஒருபுறமிருக்க', 'எது எப்படியிருப்பினும்' எல்லாம் கோப்புகளில் வரிசை கட்டின. கல்யாண மண்டப மேடையில் நன்றியுரை சொல்பவர் 'இறுதியாக, ஆனால் உறுதியாக' என்கிறாரே, அதன் பூர்வீகம் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

தமிழுக்கு வரிசை தெரியாதா என்ன? நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் 'ஓத்துமுறை வைப்பு' ஒன்று. தொகுத்துச் சொல்வதற்கும் வகுத்துக் காட்டுவதற்கும் தனித்தனி உத்தி உண்டு. பரிமேலழகர் குறளின் ஒவ்வொரு அதிகாரத்தையும் தொடங்கும்போது, அது முன்னதன் பின்னால் ஏன் வந்தது என்று காரணம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். எது முன், எது பின் என்பதற்குக் காரணம் வேண்டும் என்பது அவர் கணக்கு. இது எனக்கு உறைத்தது ரொம்பப் பிந்தித்தான்.

நான் வேலை பார்த்தது ஆவடிப் பக்கம் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில். எது என்பது வேண்டாம். 1963-ஆம் வருஷச் சட்டத்தால் எங்களுக்கு இங்கிலீஷ் தொடர்ந்தது. 1978 வாக்கில், சொல்லாமல் பதினோரு நாள் வரவில்லை என்று ஒரு தொழிலாளிக்கு சார்ஜ் மெமோ வந்தது. பத்து நாளுக்குள் பதில் தரவேண்டும். பட்டாபிராமில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "அம்மா போயிட்டாங்கன்னு ஆள் வந்துச்சு சார். ஸ்டேஷனுக்குப் போற வழியில தந்தி குடுத்துட்டுத்தான் ரயில் ஏறினேன். இதோ ரசீது" என்றார். விஷயம் அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? 'ஃபர்ஸ்ட்லி', பதினாறு வருஷ மாசற்ற பணி. 'செகண்ட்லி', குடும்ப நிலைமை. 'ஃபர்தர்மோர்', அவர் மூத்த மகன் என்பதால் ஈமக்கடன் அவர் தலையில். 'லாஸ்ட்லி', தந்தி கொடுத்த ரசீது இணைக்கப்பட்டுள்ளது. இரண்டு பக்கம், தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

கோப்பு திரும்பியபோது பார்த்தேன். முதல் பத்தி ஓரத்தில் சிவப்பு மசி: முந்தைய பணி இங்கே கேள்வியல்ல, தகவல் தராததற்கு விளக்கமே இல்லை என்று. இரண்டாம் பக்கத்தில் மசியே படவில்லை. ஒரு வருஷ இன்கிரிமென்ட் போயிற்று.

மேல்முறையீட்டுக்கு 45 நாள் இருந்தது. அவர் சொன்ன மாதிரியே, ரசீதை முதல் வரியில் வைத்து எழுதித் தருகிறேன் என்றேன். "விடுங்க சார், பெரியவங்களோட மல்லுக்கட்ட முடியுமா?" என்று மறுத்துவிட்டார். தப்பு என் கடிதத்தில்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் ஓய்வு பெறும்வரை, பட்டாபிராம் ஸ்டேஷனில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கூட இருப்பவர்களிடம் சொல்வார்: "சார் இங்கிலீஷ் எழுதினா அப்படி இருக்கும். எனக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தாரு."