தெளிந்த நீரெல்லாம் குடிநீரா?

2019 கோடையில் செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது வானகரத்தில் நாம் லாரித் தண்ணீரை நம்பினோம். தெளிவாகவே இருந்தது, எந்தக் கிணற்று நீர் என்று எவரும் கேட்கவில்லை.

சென்னையும் ஒருகாலத்தில் கேட்கவில்லை. 1872இல் செங்குன்றம் ஏரிநீர் திறந்த மண் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டப்படாமலேயே குழாய்களில் ஓடியது. மணல் வடிகட்டிகளும் மூடிய கால்வாயும் அமைய 1914 ஆயிற்று. இடையே 42 ஆண்டுகள்!

பெருநீரில் நஜீஸ் விழுந்தாலும் நிறம், சுவை, மணம் மாறாவிடில் உளூ கூடும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். காலராக் கிருமியோ இம்மூன்றில் ஒன்றையும் மாற்றாது. ஹவ்ளு நீர் வேறு, குழந்தைக்குப் புகட்டும் நீர் வேறு. லாரி நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கொதி வந்தபின் ஒரு நிமிடமேனும் காய்ச்சி, மூடி வைத்து அருந்துவோம். உவர்ப்பு அதனால் நீங்காது, கிருமி சாகும்.