விசைப்பலகை வேஷம் போட்ட ஸ்கேனர்

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ட்ராய் ஊரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஸ்கேனரைக் கடந்தது. விலை 67 சென்ட். பார்கோடின் கடை வாழ்க்கை அங்கே தொடங்கியது.

பெர்சனல் கம்ப்யூட்டர்கள் கடைகளுக்குள் வந்தபின் ஒரு தந்திரம் பிறந்தது. ஸ்கேனரை விசைப்பலகைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே செருகினார்கள். படித்த எண்ணை யாரோ தட்டச்சு செய்வதுபோல அது அனுப்பும். மென்பொருளுக்கு வித்தியாசமே தெரியாது.

எண்ணுக்குப் பின் என்டரா, டேபா? முன்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பதா? இவற்றை மாற்ற ஸ்கேனரில் திரை கிடையாது. கையேட்டில் அச்சிட்ட தனிப் பார்கோடுகளை வரிசையாகப் படிக்கவைத்தார்கள். எளிமையான, அழகான யோசனை!

பிரான்சில் கூத்து வேறு. அங்கே ஷிஃப்டை அழுத்தாமல் மேல்வரிசையைத் தட்டினால் இலக்கம் வராது. அமெரிக்க அமைப்பிலேயே விட்ட ஸ்கேனர் 1 என்று படித்தால் திரையில் '&' விழும். நாட்டுக்கேற்ற விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் பார்கோடு கையேட்டில் இருப்பது இதற்காகத்தான்.

புத்தகக் கடைகளின் கதைதான் சுவாரசியம். 2006 வரை ஐ.எஸ்.பி.என். 10 இலக்கம், அட்டையிலிருந்த பார்கோடோ 978-ல் தொடங்கும் 13 இலக்கம். ஸ்கேனரே 978-ஐ வெட்டி, கடைசிச் சோதனை இலக்கத்தையும் புதிதாகக் கணக்கிட்டு, பழைய எண்ணைத் தரும்படி அமைக்க முடிந்தது. அந்தச் சோதனை இலக்கம் சில நூல்களுக்கு 'எக்ஸ்' என்ற எழுத்தாகவும் வரும். 2007 ஜனவரி 1 முதல் 13 இலக்கமே ஐ.எஸ்.பி.என். ஆனது. அதன்பின், இத்தனை காலம் கைகொடுத்த அந்த மாற்றத்தை அணைக்கும் பார்கோடைக் கையேட்டில் தேட வேண்டியதாயிற்று.